பிள்ளைகளோடு ஒரு கடற்கரைச் சாலைப் பயணம்



பட்டணங்களில் குடியேறி வாழும் நம்முடைய குடும்பங்களுக்குப் பயணம் என்றால் பெரும்பாலும் மூன்றே வகைதான். ஒன்று, மே மாத விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகும் இரயில் பயணம். இரண்டாவது, திருமணத்துக்கோ துக்கத்துக்கோ கிடைத்த சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் அவசரப் பயணம். மூன்றாவது, கன்வென்ஷன் கூட்டங்களுக்குச் சபையாரோடு போகும் பயணம். இம்மூன்றிலும் நாம் போய்ச் சேருவதற்காகவே போகிறோம். இடையில் உள்ள வழியை எப்படியாவது தூங்கிக் கழித்துவிட வேண்டும் என்பதே நம் எண்ணம்.

வழியையே நோக்கமாகக் கொண்ட ஒரு பயணத்தைக் குறித்து இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மும்பையிலிருந்து ரத்னகிரி வரை கொங்கண் கடற்கரையை ஒட்டிச் செல்லும் சாலைப் பயணம் அது. கடந்த நவம்பரில், தீபாவளிப் பள்ளி விடுமுறையில், நானும் என் மனைவியும், 17 வயது மகனும், 11 வயது மகளும், என் தாயாரும் அவ்வழியே ஆறு நாட்கள் சென்று வந்தோம். மும்பை, புனே நகரங்களில் இருப்பவர்கள் இந்தத் திட்டத்தை அப்படியே பின்பற்றலாம். மற்றப் பட்டணங்களில் இருப்பவர்கள் திட்டமிடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, தங்கள் பகுதிக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம்.

உல்லாசமா, அவசியமா?

"விசுவாசிகளுக்கு உல்லாசப் பயணம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்கு 6-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சீஷர்கள் ஊழியத்தை முடித்துத் திரும்பியபோது, வருவோரும் போவோருமாய் இருந்த கூட்டத்தில் அவர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லை. அப்போது ஆண்டவர் அவர்களை ஜனசந்தடி இல்லாத ஓர் இடத்துக்கு அழைத்து, சற்று இளைப்பாறச் சொன்னார். அவர்கள் அங்கே போனதும் படகில்தான்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில், தேவனுடைய வார்த்தைகளைக் குறித்துப் பிள்ளைகளோடு பேசவேண்டிய நேரங்கள் சொல்லப்பட்டுள்ளன. வீட்டில் இருக்கும் நேரம் அதில் உண்டு. வழியில் போகும் நேரமும் உண்டு. நம்முடைய பட்டண வாழ்வில் வீட்டில் இருக்கும் நேரம் எவ்வளவு? காலை ஆறு மணிக்கு லோக்கல் ரயிலைப் பிடிக்கும் தகப்பன், இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறான். மகன் டியூஷனில் இருக்கிறான், அல்லது கையில் போனோடு இருக்கிறான். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழுகிறோம்; ஆனால் பேச இடமில்லை.

என் மகன் சபையில் ட்ரம்ஸ் வாசிக்கிறவன். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவன். வருகிற ஜூன் மாதத்தில் மேற்படிப்புக்காக வேறொரு பட்டணத்துக்குப் போகிறான். தங்கையோடு அவன் பேசுவது ஹிந்தியில். நாங்கள் தமிழில் கேட்டால் அவன் ஹிந்தியில் பதில் சொல்லுவான். தூத்துக்குடி அருகே உள்ள எங்கள் கிராமத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களோடு வந்து தங்கிய என் தாயாருக்கோ தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரே வீட்டில் பாட்டியும் பேரனும் சிரிப்பையும் சைகையையும் கொண்டே காலம் கழித்து வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் இரட்சிக்கப்பட்டவர் என் தாயார்தான். அவருடைய சாட்சியைக் கேளாமலே அவன் வீட்டை விட்டுப் போய்விடுவானோ என்பது எங்கள் இருவருக்கும் ஜெபக்குறிப்பாக இருந்தது. அதனால்தான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டோம்.

திட்டமிடுவது எப்படி?

முதலாவது, ஞாயிற்றுக்கிழமையை இழக்காதீர்கள். திங்கட்கிழமை காலை புறப்பட்டுச் சனிக்கிழமை இரவு திரும்பும்படி வைத்துக்கொண்டால், முந்தின ஞாயிறும் பிந்தின ஞாயிறும் சொந்தச் சபையிலேயே இருக்கலாம். வார நாட்களில் கடற்கரை ஊர்களில் கூட்டமும் குறைவு. தங்கும் வாடகையும் குறைவு.

இரண்டாவது, மாதத்தைத் தெரிந்தெடுங்கள். அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை கொங்கண் கரைக்கு ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை அழகானது, ஆனால் ஆபத்தானது. கோட்டைகளுக்குச் செல்லும் சிறு படகுகள் அக்காலத்தில் நின்றுவிடும். 2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு, மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் மேலிருந்த பழைய பாலம் வெள்ளத்தில் இடிந்து, இரண்டு அரசுப் பேருந்துகளும் மற்ற வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டதை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். மழைக்காலத்தில் இப்பகுதியில் இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் மணியில் கணக்கிடுங்கள். கரையோரச் சாலை குறுகலானது, மலையேறி இறங்குவது, வளைவுகள் நிறைந்தது. 40 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடக்கூடாது, ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் பார்க்கக்கூடாது, பொழுது சாய்ந்தபின் சாலையில் இருக்கக்கூடாது என்று மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். கடைசி இரண்டு நாட்களில் மட்டும் முதல் விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது.

நான்காவது, கடலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் பிறந்த நமக்குக் கடல் தெரியும் என்ற எண்ணம் உண்டு. ஆனால் தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்கும் அளவு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். மும்பை, அலிபாக் பகுதியிலோ பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரையும் தாண்டும். ஏறுவதற்கு ஆறு மணி நேரம், இறங்குவதற்கு ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். தண்ணீர் வடிந்திருக்கும்போது வெகுதூரம் நடந்து போன பிள்ளைகளுக்குத் திரும்பும் வழி மூடிப்போகலாம். 2016 பிப்ரவரியில் முருட் கடற்கரையில், புனேயிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தார்கள். உள்ளூர் மீனவர் ஒருவரிடம் கேளாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

ஐந்தாவது, கடன் வாங்கிப் போகாதீர்கள். தசமபாகத்தையும் வீட்டு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் எடுத்து வைத்தபின், மாதாமாதம் ஒரு சிறு தொகையை ஓர் உறையில் போட்டு வந்தோம். பதினான்கு மாதங்கள் ஆயின. எங்களுக்குச் சொந்த வண்டி இல்லை. சபையில் வாடகைக்கார் ஓட்டும் சகோதரர் ஒருவரைக் கேட்டு, அவருக்குரிய நாட்கூலியைக் குறைக்காமல் பேசி முடித்தோம். தகப்பனின் கை வண்டிச் சக்கரத்தில் இல்லாதபோது பிள்ளைகளோடு பேச மனம் இருக்கும். இது நான் கண்ட ஒரு நன்மை.

ஆறாவது, தங்குமிடம். கடற்கரையில் மதுபானம் நடமாடும் விடுதிகள் உண்டு. அவற்றை விட்டு, ஊருக்குள் குடும்பத்தார் தங்கள் வீட்டிலேயே அறைகளை வாடகைக்குக் கொடுக்கும் இடங்களை முன்னதாகவே போனில் பேசிக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையலும் கிடைக்கும். அரிசிப் பக்ரியும் மீன் குழம்பும், குடம்புளியின் இனமான கோகமில் செய்த சோல்கடியும் நம் நாவுக்கு அந்நியமானவை அல்ல. முதியோர் இருந்தால், தரைத்தளத்து அறையா என்று கேட்க மறவாதீர்கள்.

முதல் நாள்: நவ்காவ்

மும்பையில் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கப்பல் 2020 மார்ச் முதல் ஓடுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது வழியாகவும் போகலாம். நாங்கள் கப்பலைத் தெரிந்துகொண்டோம். மாண்ட்வாவிலிருந்து அலிபாக் செல்லும் பாதைக்கு அருகே நவ்காவ் என்னும் சிற்றூர் உண்டு. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் நிற்காமல் போய்விடும் இடம் அது. நீங்கள் அவசியம் நிற்க வேண்டும்.

பெனே இஸ்ரவேல் என்று அழைக்கப்படும் யூத மக்களின் முன்னோர், இந்தக் கரைக்கு அருகே கப்பற்சேதத்தில் அகப்பட்டு, ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமாகக் கரையேறினார்கள் என்பது அவர்களுடைய மரபு. அதன் நினைவாக இங்கே ஒரு கல்லறை நிலமும் நினைவுத்தூணும் உண்டு. அவர்கள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை தோறும் செக்கை நிறுத்தியதால், 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வேலை செய்யாத வாணியர் என்று அண்டை அயலார் பெயரிட்டார்கள். குடியேறிய ஊர்களின் பெயரே அவர்களுக்குக் குடும்பப் பெயராயிற்று: நவ்காவ்கர், பேண்கர், ரோஹேகர்.

காலப்போக்கில் எபிரெய மொழியை மறந்தார்கள்; மராத்தியே தாய்மொழியாயிற்று. வேதப்புத்தகமும் கையில் இல்லை. ஆனாலும் நான்கு காரியங்களை விடவில்லை: ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவைக் குறித்த கட்டளை, 'ஷெமா' என்னும் ஒரே ஒரு ஜெபம். பிற்காலத்தில் கொச்சியிலிருந்து வந்த ஒரு யூத போதகர், இவர்கள் உண்மையில் யூதர்தானா என்று சோதிக்க, பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். பெண்கள் சிறகும் செதிலும் உள்ள மீன்களை மட்டும் பிரித்தெடுத்தார்கள் என்று அம்மரபு சொல்லுகிறது. லேவியராகமம் 11-ஐ அவர்கள் வாசித்ததில்லை. தாய்மாரின் அடுப்பங்கரையில் அது உயிரோடு இருந்தது. 1948-க்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அலிபாக்கில் அவர்களுடைய ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. அருகிலுள்ள கண்டாளா கிராமத்தில், எலியாவின் இரதம் தொட்டுச் சென்றதாக அவர்கள் காட்டும் ஒரு பாறையும் உண்டு. எலியா யோர்தானுக்கு அப்பால் எடுத்துக்கொள்ளப்பட்டதாக வேதம் சொல்லுவதால், அந்தப் பாரம்பரியத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அவர்களுடைய வாஞ்சையை அறிந்துகொள்ளலாம்.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் என் மனைவி உபாகமம் 6-ஐ வாசிக்கும்படி மகளிடம் கொடுத்தாள். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. அந்த மக்கள் மறவாதிருந்த ஷெமா என்பது அந்த அதிகாரத்தின் நான்காம் வசனத்தில் தொடங்குவது. பிள்ளைகளோடு வழியிலும் பேசவேண்டும் என்ற கட்டளை ஏழாம் வசனத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டே வசனங்கள்.

என் தாயாருக்கோ அன்று வேறொரு அதிசயம். மாலையில் அலிபாக் கரையில் கடல் முழங்கி நின்றது. மறுநாள் காலை பார்த்தபோது கோலாபா கோட்டை வரைக்கும் சேறும் மணலுமாய்க் கிடந்தது. ஜனங்கள் நடந்தே கோட்டைக்குப் போனார்கள். "ஏலே, கடல யாரு எடுத்துட்டுப் போனது?" என்று அவர் கேட்டதும், பேரன் வாய்விட்டுச் சிரித்து, கடல் இறக்கத்தைத் தனக்குத் தெரிந்த அரைத்தமிழில் விளக்க முயன்றான். சந்திரன் இழுக்கிறது என்பதற்கு அவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. அவர் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள்: கொர்லை

அலிபாக்கிலிருந்து தெற்கே ரேவ்தண்டாவைக் கடந்து, குண்டலிகா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கொர்லை வரும். மேலே போர்ச்சுகீசியர் கோட்டை. கீழே ஒரு கிறிஸ்தவக் கிராமம். இவர்கள் கத்தோலிக்கர். 1740-ல் போர்ச்சுகீசியர் இந்தப் பகுதியை விட்டுப் போனார்கள். ஆனால் போர்ச்சுகீசியமும் மராத்தியும் கலந்து பிறந்த ஒரு மொழியை ஏறத்தாழ ஆயிரம் பேர் இவ்வூரில் வீட்டு மொழியாகப் பேசி வருகிறார்கள். 'நோ லிங்' என்கிறார்கள். 'எங்கள் மொழி' என்று பொருள். பள்ளிக்கூடம் மராத்தியில், சந்தை மராத்தியில், அரசு அலுவலகம் மராத்தியில். வீடு மட்டும் அவர்கள் மொழியில்.

தேநீர் அருந்த நின்ற இடத்தில் என் மகன் அவ்வூர்ப் பையன் ஒருவனோடு மராத்தியில் பேச்சுக் கொடுத்தான். இந்த மொழியால் உனக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறான். அந்தப் பையன் சொன்ன பதிலை வண்டியில் ஏறியதும் எங்களுக்குச் சொன்னான்: "மராத்தியில் கேட்டால் அவன் பாட்டி பதில் சொல்லமாட்டாராம்." சற்றுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "நம்ம ஆச்சி அப்படி இல்லை, என்ன கேட்டாலும் சிரிப்பாங்க" என்று தமிழிலேயே சொன்னான்.

அன்று மாலை முருட் சேர்ந்தோம். ராஜபுரி துறையிலிருந்து பாய்மரப் படகில் ஜஞ்சிரா கோட்டைக்குப் போகலாம். ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் ஆண்ட தீவுக்கோட்டை இது. மராட்டியர் பலமுறை முயன்றும் பிடிக்க முடியாதது. படகிலிருந்து கோட்டை வாசல் படிக்கு ஏறுவது முதியோருக்குக் கடினம். ஆகவே அவர்களைக் கரையில் நிழலான இடத்தில் அமர்த்திவிட்டுப் போங்கள்.

மூன்றாம் நாள்: படகுத்துறையில் கேட்ட சாட்சி

இந்தச் சாலையின் தனிச்சிறப்பு கழிமுகங்கள்தான். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் அகன்று கடலில் கலக்குமிடங்களில் சாலை நின்றுவிடும். வண்டியோடு படகில் ஏறி அக்கரை போகவேண்டும். அகர்தண்டாவிலிருந்து திகி, பாக்மாண்ட்லாவிலிருந்து வேஸ்வி, தாபோலிலிருந்து தோபாவே, தவ்சாலிலிருந்து ஜய்கட் என்று நான்கு துறைகள். படகு போய்விட்டால் அடுத்த படகு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவசரக்காரருக்கு இது தொல்லை. எங்களுக்கோ இதுவே பயணத்தின் மிகச் சிறந்த பகுதியாயிற்று.

அகர்தண்டா துறையில் எங்கள் கண்முன்னே படகு புறப்பட்டுப் போனது. காத்திருந்த அந்த நேரத்தில்தான் என் மகன் தன் பாட்டியிடம், "ஆச்சி, நீங்க முதல்ல எப்படி சபைக்குப் போனீங்க?" என்று கேட்டான்.

அவர் சொல்லத் தொடங்கினார். உப்பளத்தில் கூலி வேலை. உப்பு வாரி வாரிப் புண்ணான கால்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவர். ஓலைக்கொட்டகையில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போன பக்கத்து வீட்டுப் பெண். குளத்தில் ஞானஸ்நானம் எடுத்த அன்று, உடன்பிறந்த அண்ணன் வாசற்கதவைச் சாத்தியது. அதற்குப் பின் ஆறு ஆண்டுகள், கைக்குழந்தையாய் இருந்த என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு மைல் நடந்து ஆராதனைக்குப் போனது. கடைசியில் அதே அண்ணன் தன் மகளின் நோய்க்காக ஜெபிக்கும்படி வந்து வாசலில் நின்றது.

உப்பளம் என்றால் என்ன என்று பேரன் கேட்டான். வாரும் பலகை எப்படியிருக்கும் என்று பேத்தி கேட்டாள். "உங்க அண்ணன் மேல கோபம் வரலியா?" என்று அவன் கேட்டபோது, அவர் சற்று யோசித்து, "வந்துச்சு. ரொம்ப வந்துச்சு. ஜெபத்துலதான் அது கரைஞ்சுது" என்றார். அடுத்த படகும் வந்தது, ஏறினோம், அக்கரையில் இறங்கியும் பேச்சு நிற்கவில்லை.

சபையில் சாட்சி நேரத்தில் பிள்ளைகள் எத்தனையோ சாட்சிகளைக் கேட்கிறார்கள். ஆனால் அங்கே இடையில் எழுந்து கேள்வி கேட்க முடியாது. வழிப்பயணத்தில் கேட்க முடியும். பதிலுக்கு நேரமும் உண்டு. உபாகமத்தின் அந்தக் கட்டளைக்குள் இருக்கும் ஞானம் இதுவே என்று நினைக்கிறேன்.

திகியில் இறங்கித் திவேஆகர் வழியாக ஸ்ரீவர்தன் போகும் சாலை, கடலலைக்கு மேலே மலையோரமாய் வளைந்து செல்லுவது. இந்தப் பயணம் முழுவதிலும் மிக அழகான சாலை அதுதான். தூத்துக்குடியில் கடலிலிருந்து எழும்பும் சூரியனையே கண்டு வளர்ந்த என் தாயார், கடலில் இறங்கும் சூரியனை அன்றைக்கு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள்: ஹர்ணை

பாக்மாண்ட்லா துறையில் சாவித்திரி ஆற்றைக் கடந்தால் பாங்கோட். ஸ்காட்லாந்து மிஷனெரிகள் 1823-ல் இப்பகுதியில்தான் ஊழியத்தைத் தொடங்கினார்கள். அதற்குத் தெற்கே ஹர்ணை என்னும் மீனவர் ஊர். எதிரே கடலில் சுவர்ணதுர்க் கோட்டை. மாலையில் படகுகள் வந்ததும் மணலிலேயே மீன் ஏலம் நடக்கும். பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

மும்பை சௌபாத்தியில் வில்சன் கல்லூரியைக் கடந்து போகாத மும்பைத் தமிழர் உண்டா? அந்த ஜான் வில்சன் ஐயரும் அவர் மனைவி மார்கரெட் அம்மையாரும் 1829-ல் பம்பாய் வந்து இறங்கியபின், முதலில் பாங்கோட்டுக்கும் ஹர்ணைக்கும் வந்து தங்கி மராத்தி கற்றுக்கொண்டார்கள். பிறகுதான் பம்பாயில் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1832-ல் அவர் எபிரெய இலக்கணம் ஒன்றை மராத்தியில் எழுதி வெளியிட்டார். நவ்காவில் கண்டோமே, அந்தப் பெனே இஸ்ரவேலர் தங்கள் பிதாக்களின் மொழியை மீண்டும் கற்றுக்கொள்ள அது உதவியது.

இங்கே என் மகனுக்கு ஒன்று சொன்னேன். வில்சன் ஐயர் பாடுபட்டுக் கற்ற மராத்தி, உனக்குத் தெருவில் விளையாடியே வந்துவிட்டது. ஊழியத்துக்குக் கர்த்தர் அதையும் பயன்படுத்தக்கூடும். அதை விட்டுத் தமிழைப் பிடி என்று யாரும் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்.

ஐந்தாம் நாள்: ரத்னகிரி

ஹர்ணையிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, தாபோல், தவ்சால் ஆகிய இரு துறைகளையும் கடந்தால் பிற்பகலில் ரத்னகிரி சேரலாம். மராத்தி சபைகளில் பாடப்படும் பாடல்களை இயற்றிய நாராயண் வாமன் திலக் 1861-ல் பிறந்தது இந்த மாவட்டத்தில்தான். மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற நகரம். நவம்பரில் மாம்பழம் கிடையாது என்பதில் மகளுக்கு வருத்தம்.

இங்கே பார்க்கவேண்டிய இடம் தீபா மாளிகை. பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை 1885-ல் ஆங்கிலேயர் அரசிழக்கச் செய்து, 1886-ல் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1910-ல் இந்தச் செங்கல் மாளிகை கட்டி முடிந்தது. 1916-ல் மன்னர் இங்கேயே மரித்தார். அவருடைய மூத்த மகளின் மகள், பிற்காலத்தில் இந்நகரிலேயே மராத்தி பேசும் எளிய குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். எளிமை இழிவல்ல. ஆனால் இரண்டு தலைமுறைக்குள் ஒரு அரச வம்சம் தன் மொழியையும் தன் கதையையும் பிறர் சொல்லிக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. உயர்ந்த கூரையுள்ள அந்தக் கூடங்களில் நடந்தபோது, மாளிகையைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதும் நினைவை விட்டுச்செல்வதும் ஒன்றல்ல என்று எண்ணிக்கொண்டேன். நம்மில் பலர் ஊரில் ஒரு வீடு கட்டுவதற்காகவே பட்டணத்தில் உழைக்கிறோம். வீட்டைக் கட்டுவோம், ஆனால் அந்த வீட்டின் கதையைச் சொல்ல மறக்கவேண்டாம்.

ஆறாம் நாள்: திரும்பும் வழி

சனிக்கிழமை அதிகாலை ஜெபித்துப் புறப்பட்டு, தேசிய நெடுஞ்சாலை 66 வழியே திரும்பினோம். ஏறக்குறைய 340 கிலோமீட்டர். பல ஆண்டுகளாக அகலப்படுத்தப்பட்டு வந்த சாலை அது. பத்து மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் சகோதரருக்கு மதியம் ஒரு மணி நேரம் உறங்க விடுங்கள். மறுநாள் காலை ஆராதனையில் எல்லாரும் இருந்தோம், ட்ரம்ஸும் ஒலித்தது.

பிரியமானவர்களே, ஆறு நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். என் மகன் தங்கையோடு இன்னும் ஹிந்தியில்தான் பேசுகிறான். ஆனால் இரவு ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தை எடுத்து எழுத்தெழுத்தாய்க் கூட்டி ஒரு பத்து வசனம் வாசிக்கிறான். தவறுமிடத்தில் பாட்டி திருத்துகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடமான வசனங்கள் அவை. ஜூன் மாதத்தில் அவன் போகும்போது பெட்டியில் எதை வைத்து அனுப்புவது என்ற கவலை எங்களுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் புறப்படப் போகும் பிள்ளை ஒன்று இருக்கலாம். பேசக் காத்திருக்கும் முதியவர் ஒருவர் இருக்கலாம். ஆறு நாள் முடியாவிட்டால் ஒரு நாள் போங்கள். மும்பையில் இருப்பவர்கள் காலையில் நவ்காவ் போய் இரவில் திரும்பிவிடலாம். சென்னையோ, விசாகப்பட்டினமோ, மங்களூரோ, உங்கள் பட்டணத்துக்கு அருகேயும் ஒரு கரையும் ஒரு கதையும் இருக்கும். இந்த மாதமே ஓர் உறையை எடுத்து மேலே தேதியை எழுதி வையுங்கள். வண்டியில் பாட்டியையும் பேரப்பிள்ளையையும் அருகருகே உட்கார வையுங்கள். படகு தவறினால் முறுமுறுக்காதீர்கள்.

நம் குடும்பங்களின் பயணங்களிலெல்லாம் கர்த்தர் தாமே கூட வந்து, நம்மையும் நம் பிள்ளைகளையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.